அத்தியாயத்துக்கு ஒரு குரல்

2005 ஆகஸ்ட் மாதம். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஹியூ மக்குவையர் என்கிற எழுத்தாளர் இணையத்தில் ஒலிநூல் தேடினார். விலைக்கு விற்கிற கடைகள் இருந்தன. அவருக்கு வேண்டியது காசில்லாமல், அதே சமயம் திருட்டும் இல்லாமல், இறக்கி வைத்துக்கொண்டு கேட்கக்கூடிய பழைய இலக்கியம். கிடைத்தது சொற்பம்.

எழுத்து வடிவத்தில் பஞ்சமே இல்லை. மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர் 1971 ஜூலை 4 அன்று இல்லினாய் பல்கலைக்கழகக் கணினியில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து ஏற்றினார். அன்று தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் 2003-இலேயே 10,000 நூல்களைத் தாண்டிவிட்டது. காப்புரிமைக் காலம் முடிந்த நாவல்கள், நாடகங்கள், பயண நூல்கள் எல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி கிடந்தன. படிக்கக் கண் இருந்தால் போதும். கேட்க வேண்டும் என்றால்தான் வழியில்லை. அந்தத் திட்டத்தில் சில நூல்களுக்குக் கணினிக் குரலில் ஒலிப்பதிவு இருந்தது. அன்றைய கணினிக் குரலில் ஒரு நாவலை முழுக்கக் கேட்டு முடிக்கப் பெரும் பொறுமை வேண்டும்.

மக்குவையர் இணையத்தில் ஒரு கேள்வியைப் போட்டார். காப்புரிமை முடிந்த நூல்களுக்குக் குரல் கொடுக்க, வலைவழியே தொண்டர்களைத் திரட்ட முடியுமா? அவ்வளவுதான் கேள்வி. அதற்கு அவர் வைத்த பெயர் லிப்ரிவாக்ஸ். லத்தீனில் லிபர் என்றால் புத்தகம், வாக்ஸ் என்றால் குரல். அதே லத்தீனில் லிபர் என்ற சொல்லுக்கு விடுதலை பெற்றவன் என்றும் பொருள் உண்டு.

இந்த யோசனைக்கு ஒரு முன்னோடி இருந்தது. 2004-இல் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக் தமது 'ஃப்ரீ கல்ச்சர்' நூலைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டபோது, ஏ.கே.எம். ஆடம் என்ற இறையியல் பேராசிரியர் ஆளுக்கொரு அத்தியாயம் படித்துப் பதிவு செய்வோமே என்று அழைத்தார். பலர் முன்வந்து படித்தார்கள். ஒரு நூலுக்கு நடந்ததை எல்லாப் பழைய நூல்களுக்கும் செய்யலாமே என்பதுதான் மக்குவையரின் எண்ணம்.

காலமும் கூடி வந்தது. ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள் 2000-இலேயே வந்துவிட்டது. கணினியும் மலிவான மைக்கும் உள்ள எவரும் வீட்டிலேயே பதிவு செய்யலாம். 2005 ஜூன் மாதம் ஐட்யூன்ஸில் பாட்காஸ்ட் வசதி சேர்ந்து, பேச்சை இறக்கிக் கேட்கும் பழக்கம் பரவத் தொடங்கியிருந்தது. ஒலிக்கோப்புகளை வைக்க இடம்? புரூஸ்டர் கேல் 1996-இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் கட்டணமே இல்லாமல் இடம் கொடுத்தது. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தக் கேள்வி வெறும் கேள்வியாகவே நின்றிருக்கும்.

முதல் நூலாக எடுத்துக்கொண்டது ஜோசஃப் கான்ராட் 1907-இல் வெளியிட்ட 'தி சீக்ரெட் ஏஜென்ட்'. லண்டனில் ஒரு சிறு கடைக்காரன், அவன் மனைவி, கிரீனிச் வான் ஆய்வகத்தைக் குறிவைக்கும் ஒரு வெடிகுண்டு. 13 அத்தியாயங்கள். மக்குவையரும் மற்றத் தொண்டர்களும் அத்தியாயங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பதிவில் ஒருவர் படித்து முடித்ததும் அடுத்தவர் தொடர்கிறார். குரல் மாறுகிறது, வேகம் மாறுகிறது, பின்னால் கேட்கும் அறையின் ஓசைகூட மாறுகிறது. முதலில் உறுத்தும். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். கதை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிப் போவது காதில் விழும்.

கான்ராட் முதலில் அமைந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அதற்குக் காரணம் உண்டு.

கான்ராட் பிறப்பால் போலந்துக்காரர். முதல் மொழி போலிஷ், அடுத்தது பிரெஞ்சு. மார்சேய் துறைமுகத்தில் கப்பலேறி, இருபது வயதுக்கு மேல்தான் ஆங்கிலம் பழகினார். அந்த மொழியின் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவர் ஆன பிறகும், வாய் திறந்தால் அயல்வாடை அடிக்கும் உச்சரிப்பு கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. அவருடைய அப்பா, ரஷ்ய ஆட்சியை எதிர்த்ததற்காக நாடுகடத்தப்பட்ட கவிஞர். ஷேக்ஸ்பியரையும் விக்தோர் ஹியூகோவையும் போலிஷில் மொழிபெயர்த்தவர். ஹியூகோவின் கடல் நாவல் ஒன்றின் மொழிபெயர்ப்பு அச்சுத்தாள்களை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, எட்டு வயது கான்ராட் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறான். வாய்விட்டுப் படிப்பதில் அப்பா மிகக் கண்டிப்பான ஆசான் என்று பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார். கடலை முதன்முதலில் எழுத்தில் சந்தித்ததும் அந்தப் படிப்பின்போதுதான் என்றார். உரக்கப் படித்து வளர்ந்த ஒரு பிள்ளையின் நாவல் லிப்ரிவாக்ஸின் முதல் நூலானது பொருத்தம்.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. எடிசன் 1877-இல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்து, மறு ஆண்டே அது எதற்கெல்லாம் பயன்படும் என்று பட்டியல் போட்டார். அதில் பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் புத்தகமும் ஒன்று. ஆனால் அக்கால உருளையில் சில நிமிடப் பேச்சுதான் அடங்கும். நாவல் எங்கே அடங்குவது? முதல் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டனில் கண் இழந்த படைவீரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வளர்ந்த பிறகு விரல் நுனியால் பிரெய்ல் கற்பது பலருக்கு எளிதாக இல்லை. 1916-இல் சோம் போர்க்களத்தில் பார்வை இழந்த இயன் ஃபிரேசர் என்ற கேப்டன், பின்னாளில் கண் இழந்த வீரர்களுக்கான செயின்ட் டன்ஸ்டன்ஸ் அமைப்பின் தலைவராகி, பேசும் புத்தகத்துக்காக விடாமல் பாடுபட்டார். சாதாரண இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றிய காலம் அது. பேசும் புத்தகத்துக்காக 24 சுற்றே சுற்றும் தட்டுகளைச் செய்தார்கள். மெல்லச் சுற்றினால் ஒரு பக்கத்தில் நிறையப் பேச்சு அடங்கும். 1935 நவம்பரில் முதல் பேசும் புத்தகங்கள் வீடு தேடிப் போயின. அவற்றில் ஒன்று அகதா கிறிஸ்டியின் நாவல். இன்னொன்று கான்ராடின் 'டைஃபூன்'.

அமெரிக்காவில் அதற்கு ஓர் ஆண்டு முன்பே, பார்வையற்றோருக்கான நூலகச் சேவையின் ஒரு பகுதியாகக் காங்கிரஸ் நூலகம் பேசும் புத்தகத் தட்டுகளை வழங்கத் தொடங்கிவிட்டது. ஒலிநூல் கண் தெரியாதவர்களுக்காகப் பிறந்தது என்பதை இப்போது காரில் போகிறபோதும் நடைப்பயிற்சியிலும் கேட்கிற நாம் மறக்கக்கூடாது. பிற்காலத்தில் அது கடைச் சரக்கானது. 1952-இல் நியூயார்க்கில் இரண்டு இளம் பெண்கள் கேட்மன் நிறுவனத்தைத் தொடங்கி, கவிஞர் டிலன் தாமஸைப் படிக்க வைத்து விற்றார்கள். அது வேறு கதை. நான் சொல்ல வந்தது விற்காத ஒலிநூலைப் பற்றி.

லிப்ரிவாக்ஸ் முதல் நாளிலிருந்தே பிடிவாதமாக வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. குரல் தேர்வு கிடையாது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். புதிதாக வருபவர் ஒரு நிமிடம் படித்து அனுப்புவார். அதில் பார்ப்பது ஒலி அளவு, பின்னணி இரைச்சல், கோப்பின் தரம் ஆகியவற்றை மட்டும். நன்றாகப் படிக்கிறாரா என்று மதிப்பிட மாட்டார்கள். இந்திய உச்சரிப்போ, ஸ்காட்லாந்து உச்சரிப்போ, திக்கல் உள்ள பேச்சோ, எதற்கும் மறுப்பில்லை. படித்தவரே கேட்டால் ஒழிய அவருடைய வாசிப்பு முறையை யாரும் குறை சொல்லக்கூடாது. உங்களுக்கு ஒருவர் படித்தது பிடிக்கவில்லையா, அதே நூலை நீங்கள் மறுபடி படித்துத் தரலாம். ஒரே நாவலுக்கு மூன்று, நான்கு பதிவுகள் இருப்பது அங்கே சாதாரணம்.

இந்த விதியைப் பலர் குறையாகச் சொல்வார்கள். தரம் ஏறி இறங்குகிறது என்பது உண்மைதான். கேட்கவே முடியாத பதிவுகளும் உண்டு, தொழில்முறைக் கலைஞரைத் தோற்கடிக்கும் பதிவுகளும் உண்டு. ஆனால் வாசலில் ஒரு நடுவரை உட்கார வைத்திருந்தால் வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போயிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்று அங்கே 20,000-க்கும் மேற்பட்ட ஒலிநூல்கள் இருக்கின்றன. தேர்வு வைத்து இந்த எண்ணிக்கையைத் தொட்டிருக்க முடியாது.

கண்டிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பதிவையும் இன்னொரு தொண்டர் முழுக்கக் கேட்பார். அச்சகத்தில் மெய்ப்பு பார்ப்பது போல இது ஒலிக்கு மெய்ப்பு. வரி விட்டுப்போயிற்றா, ஒரே வாக்கியம் இரண்டு முறை வந்துவிட்டதா, நடுவில் நாய் குரைத்ததா, நீண்ட மௌனம் இருக்கிறதா என்று நிமிடம், விநாடி போட்டுக் குறித்து அனுப்புவார். படித்தவர் திருத்தித் தருவார். நூலுக்கு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் உண்டு. எந்த அத்தியாயம் யாரிடம் இருக்கிறது, எது வந்து சேர்ந்தது என்ற கணக்கு அவர் பொறுப்பு. இவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது.

பணம் பற்றி ஒரு தகவல். 2010-இல் அவர்கள் முதன்முறையாக வெளிப்படையாக நன்கொடை கேட்டார்கள். கேட்டது 20,000 டாலர். இணையதளத்தை நடத்த அப்போது ஆண்டுக்கு ஆன செலவு சுமார் 5,000 டாலர். 13 நாளில் முழுத்தொகையும் வந்து சேர்ந்தது, கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

பதிவுகளின் உரிமை? அதையும் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் இது லிப்ரிவாக்ஸ் பதிவு, இதற்குக் காப்புரிமை இல்லை என்று படிப்பவர் தம் வாயாலேயே சொல்லியாக வேண்டும். யாரும் எடுத்து நகலெடுக்கலாம், வெட்டி ஒட்டலாம், குறுவட்டில் போட்டு விற்கவும் செய்யலாம். தொண்டர்கள் சிலருக்கு இது வருத்தம் தந்ததுண்டு. நாம் இலவசமாகத் தந்ததை ஒருவர் விலை போட்டு விற்கிறாரே என்று. ஆனால் விதியை மாற்றவில்லை. அந்த உறுதியின் விளைவு யாரும் எதிர்பாராத இடத்தில் தெரிந்தது. 2015-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லிப்ரிவாக்ஸ் பதிவுகளிலிருந்து சுமார் 1,000 மணி நேரப் பேச்சைத் திரட்டி, லிப்ரிஸ்பீச் என்ற பெயரில் வெளியிட்டார்கள். மனிதப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கக் கணினிக்குக் கற்றுத்தரும் ஆராய்ச்சியில் உலகெங்கும் பயன்படும் தரவு அது. யாரிடமும் தனித்தனியாக அனுமதி கேட்கத் தேவைப்படவில்லை.

பொது நூலகங்களின் வழி இதிலிருந்து வேறு. அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் பொது நூலகம் 2003-இல் ஓவர்டிரைவ் நிறுவனத்தின் வழியாக மின்னூல்களை இரவல் தரத் தொடங்கியது. ஒலிநூல்கள் பின்னாலேயே வந்தன. இவை காப்புரிமை உள்ள புதிய நூல்கள். நூலகம் விலை கொடுத்து உரிமம் வாங்கி வைத்திருக்கும். நமக்குத்தான் இலவசம். பெரும்பாலும் ஒரு பிரதி ஒருவரிடம் இருந்தால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அலமாரியில் உள்ள அச்சுப் புத்தகத்துக்கு எப்படியோ அப்படியே. தவணை முடிந்ததும் கோப்பு தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆரம்பத்தில் அந்தப் பூட்டு ஐபாடில் திறக்காது என்பதால் வாசகர்கள் திண்டாடினார்கள். பூட்டில்லாத எம்பி3 கோப்புகள் 2008-இல்தான் சேர்ந்தன. 2017-இல் வந்த லிபி செயலி இந்த வேலையைக் கைப்பேசியில் மிகச் சுலபமாக்கிவிட்டது. நூலக உறுப்பினர் எண் இருந்தால் போதும். சிங்கப்பூர் தேசிய நூலக வாரிய உறுப்பினர்களும் இதில் இரவல் எடுக்கலாம். அங்கும் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் நூலக அட்டை வைத்திருந்தும் இந்த வசதி தெரியாதவர்களைப் பார்க்கிறேன். அட்டையை எடுத்துப் பாருங்கள்.

இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 2016 ஆகஸ்டில் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் இருக்கிறது. காப்புரிமை உள்ள நூலையும் அவர்கள் படிக்கும், கேட்கும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று 2012-இல் நம் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கான உலக உடன்படிக்கையான மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் முதன்முதலாக உறுதிசெய்த நாடும் இந்தியாதான். வீட்டில் கண் தெரியாதவர் இருந்தால் இதைத் தேடிப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் அம்மா.

என் பாட்டிக்கு எழுத்து தெரியாது. வாரப் பத்திரிகை வந்ததும் அம்மா தொடர்கதையைப் படிக்க, பாட்டி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி கேட்பார். கதையில் ஒருவன் பொய் சொன்னால் பாட்டி அங்கேயே திட்டுவார், அம்மா படிப்பதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். அந்த அம்மாவுக்கு இப்போது விழித்திரைக் கோளாறு. பெரிய எழுத்துகூட எறும்பு ஊர்வது போலத்தான் தெரிகிறது. "நீ படிடா, நான் கேக்கறேன்" என்றார். போன கோடையில் ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திர'த்தை எடுத்தேன். 1890-களில் விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்தது. எழுதியவர் இருபத்தாறு வயதில் இறந்துபோனார்.

படிக்கிறதே படிக்கிறோம், பதிவும் செய்வோம் என்று தோன்றிற்று. பகலில் முடியாது. குக்கர் விசில், பக்கத்து வீட்டு மிக்ஸி, கீரைக்காரம்மா குரல், காக்கை. இரவு பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்தேன். மின்விசிறி ஓடினால் அந்த இரைச்சல் பதிவாகும், நிறுத்தியாக வேண்டும். சென்னையில் மே மாதம். போர்வையை மடித்து மேசைமேல் விரித்து, துணி அடுக்கிய பீரோவின் கதவைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்தால் எதிரொலி குறைகிறது. பக்கம் புரளும் சத்தம்கூட விழுகிறது. மூன்றாவது பக்கத்தில் வியர்வை சொட்டிக் காகிதம் நனைந்தது. அம்மா பக்கத்துக் கட்டிலில் அசையாமல் படுத்திருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பதிவை நிறுத்தியதும், "ஒரு எடத்துல வரி தாவிட்டே, அர்த்தம் ஓடல. போய்ப் பாரு" என்றார். பார்த்தேன். ஒரு வரி விட்டுத்தான் போயிருந்தது.

அந்தக் கதையில் வரும் மதுரைப் பக்கத்துப் பேச்சை நான் படித்தால் சென்னை வாடைதான் அடிக்கும். படிக்கத் தகுதியான குரலா இது என்று ஒரு வாரம் தயங்கினேன். கான்ராடின் உச்சரிப்பை நினைத்துக்கொண்டபோதுதான் தயக்கம் விட்டது.

தமிழில் எழுத்து வடிவ வேலையை மற்றவர்கள் நமக்காகச் செய்து வைத்துவிட்டார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனனும் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர்கள் தட்டச்சு செய்து மெய்ப்பு பார்த்த நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு ஆனால் காப்புரிமை தீர்ந்தது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் பட்டியலும் நீளமானது. அதில் முதலில் நிற்பவர் பாரதி, ஆண்டு 1949. லிப்ரிவாக்ஸ் பின்பற்றுவது அமெரிக்கச் சட்டத்தை. அதன்படி 95 ஆண்டுகளுக்கு முன் அச்சான நூலாக இருக்க வேண்டும். வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879, அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' 1898. இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் இவை பொருந்தும். மொழித் தடை அங்கே இல்லை. கேட்டுச் சரிபார்க்க இன்னொரு தமிழர் மட்டும் வேண்டும். லிப்ரிவாக்ஸ் ஒத்துவரவில்லை என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவில் நீங்களே நேரடியாக ஏற்றலாம்.

கைப்பேசியும், கணினியில் ஆடாசிட்டியும் போதும். எம்பி3 கோப்பு, 128 கேபிபிஎஸ், கடைசியில் ஐந்து விநாடி மௌனம். திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலிக் குரலிலும் யாழ்ப்பாணத்தார் யாழ்ப்பாணக் குரலிலும் படியுங்கள். நூல் முழுவதும் வேண்டாம், ஓர் அத்தியாயம் எடுத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.